ஊராத்துறை: இரு கல்வெட்டுக்கள் கூறும் வரலாறு

திருவருள் முன்னிற்கத் திருப்பணி நிறைவெய்தி மகாகும்பாபிடேகங் காணும் இந்நன்னாளில் வெளிவரும் மலருக்கு, நம் தீவகத்தின் துறைப்பட்டினமாகிய ஊர்காவற்றுறையின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். அவருள் இளையவர் ஒருவர், “ஐயா, இராமபிரான் காலத்திலிருந்து தொடங்கினாற் சிறப்பாயிருக்கும்” என்றார். அவரது ஊர்ப்பற்றுப் போற்றற்பாலது. ஆயினும் தலபுராணம் வேறு, வரலாறு வேறு. புராணத்தைப் புராணமாகவே வைத்து வணங்குவதுதான் அதற்கு நாம் செய்யும் மரியாதை என்பது திருமடத்திலே எம் ஆசிரியர் எமக்குக் கற்பித்தது. அன்றியும், நம் துறைக்கு ஒருவர் புனைந்து கொடுக்கவேண்டிய பழமை எதுவுமில்லை. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கல்வெட்டுக்கள் இரண்டு அதன் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஒன்று நயினாதீவில் உள்ளது. மற்றையது கடல் கடந்து திருவாலங்காட்டில் உள்ளது. இவ்விரண்டையும் அடிப்படையாகக் கொண்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

முதற்கண் ஊரின் அமைப்பைக் கூறுவாம். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைக் கடலின்மேற் செல்லும் தெருவழியே மேற்கு நோக்கிச் சென்று, வேலணை, நாரந்தனை, கரம்பொன் ஆகிய ஊர்களைக் கடப்போமாயின், தீவின் வடபால் முனையிலே கடலை முட்டி நிற்பது ஊர்காவற்றுறை. எதிர்க்கரை காரைநகர். இரண்டுக்கும் இடையே ஒடுங்கிய நீர்வழி. அதன் நடுவே கடலிலிருந்து எழுந்தாற்போல ஒரு கோட்டை. மேற்கே எழுவைதீவும் அனலைதீவும் அரண்போல் அமைந்துள்ளன. சோளகம் வீசினும் வாடை வீசினும் புறக்கடலின் கொந்தளிப்பு இவ்வாய்க்காலினுள் அவ்வளவாகப் புகுவதில்லை. குடாநாட்டைச் சூழ்ந்த கடல் பெரும்பாலும் ஆழமற்றது; மரக்கலம் நங்கூரமிட்டு அச்சமின்றி நிற்கத்தக்க இடங்கள் சிலவே. அவற்றுள் இது ஒன்று. இத்துறையின் வரலாறு முழுவதும் இந்த ஒரு காரணத்திலிருந்தே கிளைத்தது எனலாம். நிலமோ வளமானதன்று, முருகைக்கல்லும் பனையும் உவர்நீர்க் கிணறும் நிறைந்தது. மண் தராததைக் கடல் தந்தமையாலேயே இங்கு ஓர் ஊர் உண்டாயிற்று.

இனிப் பெயரை ஆராய்வாம். கல்வெட்டுக்களிற் காணும் பழைய வடிவம் ஊராத்துறை என்பதே. சிங்களத்தில் இதனை ஊராதொட்ட என்பர். பாளியில் எழுந்த சூளவம்சம் சூகரதித்த என்று குறிக்கின்றது, சூகரமாவது பன்றி. சிங்களத்தில் ஊரா என்னுஞ் சொல்லுக்குப் பன்றி என்பது பொருளாதலின், பெயரின் ஒலியைக்கொண்டு பாளியிற் பெயர்த்தெழுதினர் போலும். இதற்காக நம்மவர் மனங்கோணவேண்டுவதில்லை. வராகத்தின் பெயரால் வழங்கும் புண்ணிய தலங்களும் உண்டன்றோ! ஊராத்துறை என்பதை ஊர்தல் இல்லாத துறை என்று பிரித்துப் பொருள் கூற இலக்கணம் இடங்கொடுக்கும். மரக்கலம் ஓயாது ஊர்ந்த கடல் இடங்கொடாது. பிற்காலத்தார் இப்பெயரை ஊர்காவற்றுறை என வழங்கினர். ஊருக்குக் காவலான துறை என்பது மக்கள் கண்ட பொருள். பழைய வடிவம் அதுவன்றாயினும், அப்பொருளை நான் வெறும் கற்பனையென்று தள்ளமாட்டேன். ஏனெனில் நயினாதீவுக் கல்வெட்டைப் படிப்போர்க்குக் காவல் என்னும் எண்ணம் இத்துறையோடு மிகப் பழங்காலத்திலேயே ஒட்டியிருந்தமை புலனாகும்.

குறிகட்டுவானிலே படகேறி நயினாதீவு சென்று நாகபூசணி அம்பாளைத் தரிசிக்கும் அடியார்கள் ஆண்டுதோறும் பல்லாயிரவர். அக்கோயிலிலே ஒரு கல்வெட்டு உண்டென்பதை அறிந்தவர் மிகச் சிலர். அதன் எதிரே நின்று பார்த்தவர் அவரினுஞ் சிலர். அது பொலன்னறுவையிலிருந்து 1153ஆம் ஆண்டு முதல் 1186ஆம் ஆண்டு வரை ஆட்சி செய்த முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணை. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனைப் படித்து 1963ஆம் ஆண்டிலே பதிப்பித்தார். மன்னனோ பௌத்தன், அவன் தலைநகரோ நெடுந்தொலைவில் உள்ளது. எனினும் ஆணை தமிழிலே வெட்டப்பட்டது. இத்துறையில் வந்திறங்கியோரும் அவர்களோடு கொடுக்கல் வாங்கல் செய்தோரும் அறிந்த மொழி தமிழேயாதலின் என்க.

ஆணையின் பொருளைச் சுருக்கிச் சொல்வேன். பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து தங்கவேண்டும். அங்ஙனம் வருவோர் காக்கப்படவேண்டும். பல துறைகளிலிருந்தும் அவர்கள் இங்கு வந்து கூடவேண்டும் என்று மன்னன் விரும்புகின்றான். யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்து கரையொதுங்கின், மீட்டவற்றில் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்தைச் சாரும். மற்றை மூன்று பங்கும் உடையவனுக்கே. ஏனைய சரக்குக்களை ஏற்றிவந்த மரக்கலம் உடையுமாயின், செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவனுக்கு. இவ்வாணை என்றும் நிலைக்கும்படி கல்லிலும் செம்பிலும் வெட்டப்பட்டது.

இதனை இக்காலத்துக் கண்கொண்டு நோக்கிக் கலம் கவிழ்ந்தவனிடத்தே பாதியைப் பறிப்பதும் ஓர் அறமோ என்று வினவுவோர் உளராகலாம். கலம் உடைந்து கரையொதுங்கிய பொருள் அனைத்தையும் அக்கரையை ஆண்டவனே கவர்ந்துகொள்ளும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. ஆந்திர நாட்டு மோட்டுப்பள்ளியிலே காகதிய மன்னன் கணபதிதேவன் 1244ஆம் ஆண்டில் வெட்டுவித்த அபய சாசனமும், முந்தைய அரசர்கள் அவ்வாறு கவர்ந்தமையைக் கூறித் தான் அதனைக் கைவிட்டமையை அறிவிக்கின்றது. நம் ஊராத்துறைச் சாசனம் அதற்கும் ஐம்பத்தெட்டு ஆண்டுகளேனும் முற்பட்டது. கவர்ந்துகொள்ளாமல் எவ்வளவு உனது, எவ்வளவு எனது என்று முன்னரே வரையறுத்துக் கல்லில் எழுதுவது, புயலில் அகப்பட்ட அயலானுக்கும் ஓர் உரிமை உண்டென்று ஒப்புக்கொள்வதாகும். மற்று, மன்னனது அருள் யானைக்கும் குதிரைக்கும் முக்காலாகவும், வணிகனது பட்டுக்கும் மிளகுக்கும் அரையாகவும் இருந்தமையையும் நாம் மறைக்கவேண்டுவதில்லை. அவனுக்குப் படை வேண்டியிருந்தது. அப்படை எதற்கு என்பதை மற்றைய கல்வெட்டுக் கூறும்.

தலைமன்னாரிலிருந்து இராமேச்சுரத்துக்குக் கப்பல் ஓடிய நாளில் அவ்வழியே சென்று திருமடத்திற் கற்றவன் யான். ஒருமுறை எம் ஆசிரியர் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு திருவாலங்காட்டுக்குச் சென்றார். காரைக்காலம்மையார் இறைவனது ஆடலைக் கண்டுகொண்டிருக்கும் தலம் அது. தரிசனம் முடிந்தபின் ஆசிரியர் என்னை மட்டும் அழைத்து, “நீ தீவகத்தானல்லவா? உன் துறையின் பெயர் இக்கோயிலிலே இருக்கிறது, தெரியுமா?” என்றார். எனக்குத் தெரியாது. கடல் கடந்து வந்து, தொண்டை நாட்டிலே ஒரு சிவாலயத்தில் என் ஊர்ப்பெயரைக் கேட்டு நின்ற அந்த நேரம் இன்றும் என் நினைவில் உள்ளது.

அக்கல்வெட்டு இரண்டாம் இராசாதிராச சோழனது பன்னிரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பாண்டிய அரசுரிமை பற்றி இருவர் போரிட்ட காலம் அது. பராக்கிரமபாகு ஒருவனுக்குத் துணையாகத் தன் படையை இராமேச்சுரக் கரையில் இறக்கினான். சோழன் மற்றவனுக்குத் துணைநின்றான். மீண்டும் படையெடுப்பதற்காக ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வல்லிகாமம், மட்டிவாழ் ஆகிய இடங்களிலே ஈழத்து மன்னன் படை திரட்டிக் கலங்களைக் கட்டுவிக்கின்றான் என்ற செய்தி சோழ நாட்டுக்கு எட்டிற்று. அதனைத் தடுப்பதற்காக அண்ணன் பல்லவராயன் என்னும் சோழ அதிகாரி, பராக்கிரமபாகுவின் மருகனும் அவனோடு அரசுரிமைக்கு மாறுபட்டவனுமாகிய சீவல்லபனைப் படையோடு அனுப்பினான். அப்படை ஈழத்திற் புகுந்து ஊர்களை அழித்து யானைகளைக் கைப்பற்றி மீண்டது. இப்பணிக்காகப் பல்லவராயனுக்குப் பழையனூரிலே இறையிலி நிலம் அளிக்கப்பட்டது.

ஆகவே ஒரே மன்னன், ஒரே துறையில், ஒருபுறம் அயலானைக் காக்க ஆணையிட்டான். மறுபுறம் அயல்நாட்டின்மேற் செல்லக் கலங் கட்டினான். ஆணையை ஈழத்துக் கல் கூறுகின்றது; கலங் கட்டியதைச் சோழ நாட்டுக் கல் கூறுகின்றது. ஒன்றை மட்டும் படித்தவன் ஊராத்துறையை அறத்தின் இருப்பிடமென்பான். மற்றையதை மட்டும் படித்தவன் பகைவன் பாசறையென்பான். துறைமுகம் என்பதே இவ்விரண்டுக்கும் இடங்கொடுப்பது. கலம் நிற்க நல்ல இடம் வணிகனுக்கும் நல்லது, படைத்தலைவனுக்கும் நல்லது. இப்போரைப்பற்றி ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டிற் சொல்லப்படுஞ் செய்தி ஒன்றையும் இங்குக் குறிப்பிடாது செல்ல என் மனம் ஒப்பவில்லை. ஈழப்படை இராமேச்சுரத்துத் திருக்கோயிலை அடைத்துப் பூசையை நிறுத்திற்று என்று கேட்டு வருந்திய எதிரிலிசோழச் சம்புவராயன், உமாபதிதேவர் என்னும் ஞானசிவதேவரை வேண்ட, அவர் இருபத்தெட்டு நாள் சிவபூசை ஆற்றினார் என்றும், அப்படை தோற்றோடிய செய்தி வந்தபின் அவருக்கு ஆர்ப்பாக்கம் என்னும் ஊர் அளிக்கப்பட்டதென்றும் அக்கல்வெட்டுக் கூறும். நம் கரையிற் கட்டிய கலத்துக்கும் ஒரு சிவாச்சாரியாரது பூசைக்கும் இடையே இப்படியும் ஒரு தொடர்பு உண்டு.

பின்வந்த காலத்தைச் சுருங்கக் கூறுவேன். யாழ்ப்பாண அரசு 1619இற் பறங்கியர் கைப்பட்டது. 1621இல் நல்லூர்த் திருக்கோயில் இடிக்கப்பட்டது. வன்னிக் காட்டிற் பிடித்த யானைகளை ஆனையிறவின் ஆழமற்ற நீரைக் கடப்பித்துக் குடாநாட்டின் வழியே நடத்தி வந்து இத்துறையில் ஏற்றினர். அதனாற் பறங்கியர் இதனை யானை இறங்குதுறை என்று தம் மொழியிற் கூறினர். இறங்குதுறையைக் குறிக்கும் அவர்தஞ் சொல்லே கயிற்ஸ் என்று திரிந்து இன்றும் ஆங்கிலத்தில் வழங்குகின்றது. கடல் நடுவே கோட்டை கட்டியவரும் அவரே. ஒல்லாந்தர் 1658இல் அதனை முற்றுகையிட்டபோது, உள்ளிருந்தோர் குடிதண்ணீர் இழந்து பணிந்தனர். நாற்புறமும் நீர் சூழ்ந்த கோட்டை தண்ணீரின்றி விழுந்தது! உவர்நீரோடு வாழும் தீவக மக்களுக்கு இதனை விரித்துரைக்கவேண்டியதில்லை. ஒல்லாந்தர் ஈழத்தைப் பன்றித் தொடையின் வடிவாகக் கண்டு, அதன் குதிக்கால் என்னும் பொருளில் அக்கோட்டைக்கு அமன்கீல் என்று பெயரிட்டனர். முன்னர்ச் சூகரதித்த, பின்னர்ப் பன்றித்தொடை! தீவுகளுக்கெல்லாம் தம் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டினர். நம் தீவு இலைடன் ஆயிற்று. காரைதீவு அம்சுட்டடாம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. அவற்றுள் டெல்வ்ற் ஒன்றே பெரிதும் வழக்கில் நின்றது. மற்றையவற்றை மக்கள் ஏற்கவில்லை.

அக்காலத்திற் கோயில் வழிபாடு எவ்வாறு மறைந்து வாழ்ந்தது என்பதை நம் பாட்டிமார் கூறக் கேட்டிருக்கின்றோம். விரதத்துக்கு உண்ட வாழையிலையை வெளியே எறிய அஞ்சிக் கூரையிறப்பிற் செருகி வைத்தார்களாம். திருநெல்வேலி ஞானப்பிரகாச முனிவர், பறங்கி அதிகாரியின் உணவுக்குப் பசுக்கொடுக்கும் முறை தமக்கு வந்தபோது, அப்பாவத்துக்கு அஞ்சி இரவோடிரவாகக் கடல் கடந்தார் என்பது வழிவழி வந்த செய்தி. அவர் துறவு பூண்டு, சிவஞானசித்தியாருக்கு உரை வகுத்து, சிதம்பரத்திலே தம் பெயரால் விளங்கும் திருக்குளத்தையும் அமைத்தார். இக்கடல் நமக்குக் கேட்டையும் கொண்டுவந்தது. கேட்டினின்று தப்பிச் செல்ல வழியும் தந்தது. நயினாதீவு அம்பாள் ஆலயம் மீண்டும் எழுந்தது ஒல்லாந்தர் ஆட்சி முடிவெய்தும் காலத்திலே, 1788ஆம் ஆண்டில் ஆகும்.

ஆங்கிலேயர் காலத்திலே யானை போய்ப் புகையிலையும் சங்கும் பனைமரமும் வந்தன. யாழ்ப்பாணப் புகையிலைக்கு மலையாள நாட்டிலும், குடாக்கடற் சங்குக்கு வங்கநாட்டு வளையற் கம்மியரிடத்தும் பெருமதிப்பிருந்தது. தோணிகள் அரிசியும் ஓடும் கொண்டு மீண்டன. தீவகத்தார் கொழும்பு முதலிய இடங்களிற் கடை வைத்து வாழ்ந்து, ஊதியத்தில் ஒருபங்கைத் தம் ஊர்க்கோயிலுக்கு எடுத்து வைத்தனர். நம் கோயில்களின் பழைய மண்டபங்கள் பலவும் அத்தகைய பொருளால் எழுந்தவையே. கத்தோலிக்க மக்களும் சைவ மக்களும் ஒரே கடலை நம்பி அயலயலே வாழ்ந்தமை இவ்வூரின் இயல்பு. உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964இல் தோன்றுவதற்கு முன்னின்று உழைத்த தனிநாயக அடிகளார் 1913இற் பிறந்தது கரம்பொன்னிலே. அவர் கத்தோலிக்கத் துறவி, நான் சைவன். அவர் பிறந்த ஊர் என் ஊருக்கு அயலூர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குள்ள பெருமை சிறிதும் குறைந்ததன்று.

பின்னர்த் துறையின் வணிகம் ஒடுங்கிற்று. பெருங்கப்பல்கள் வேறு துறைகளை நாடின. தெருவழியே சரக்கு வந்தது. 1990ஆம், 1991ஆம் ஆண்டுகளிற் போரினால் தீவக மக்களிற் பெரும்பாலார் வீடு வாசல் விட்டு நீங்கினர். விளக்கின்றிக் கிடந்த கோயில்களை நான் கண்டேன். கருவறையின் மேல் ஆலும் அரசும் வேரூன்றியிருந்தன. 2009இற் போர் முடிந்தபின் மீண்டவர் சிலர். பிறநாடுகளில் நிலைத்துவிட்டவர் பலர். இன்று ஊராத்துறையிற் பிறந்தாரும் அவர்தம் மக்களும் அயல்நாடுகளிலே பரதேசிகளாய் வந்திறங்கி, அந்நாட்டார் அளித்த காவலில் வாழ்கின்றனர். பராக்கிரமபாகுவின் கல் எழுதப்பட்டது அத்தகையோர் பொருட்டே. இவர்கள் அனுப்பிய பொருளாலேயே நம் தீவகத்துத் திருப்பணிகளிற் பெரும்பாலன நிறைவேறுகின்றன. கடற்கோட்டை கடற்படையினரின் பொறுப்பில் விருந்தினர் தங்கும் இடமாக்கப்பட்டது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே மிதவைப் பாதை ஓடுகின்றது. அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் படகேறுவோர் துறையிலே காத்திருக்கின்றனர்.

பொருளுதவிய அன்பர்களுக்கும் கோயில் அறங்காவலர்களுக்கும் நான் பணிவுடன் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. யாழ்ப்பாணக் கோட்டையிலே முதலாம் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டொன்று கண்டெடுக்கப்பட்டது. கோயிலை இடித்த பறங்கியர் அதன் கல்லைக் கோட்டை வேலைக்கு எடுத்தனர் போலும்; எழுத்தைச் சிதைக்கவேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை; கல் எழுத்தோடு மிஞ்சிற்று. நாமோ பத்தியினாலேயே அழிக்கின்றோம். தீவகத்துக்கு வெளியே உள்ள ஒரு கோயிலிலே, திருப்பணி நடந்தபோது, பழைய படிக்கல்லொன்றை உடைத்துக் காங்கிறீற்று அத்திவாரத்துக்கு இட்டுக்கொண்டிருந்தனர். ஒரு துண்டை எடுத்துக் கழுவிப் பார்த்தேன். அதில் நான்கு எழுத்துக்கள் இருந்தன. மற்றைத் துண்டுகள் அதற்குள் மண்ணிற் போய்விட்டன. மேற்பார்வையாளரைக் கேட்டேன். “பழங்கல்தானே ஐயா, புதிதாய்ப் பளிங்கு போடுகிறோம்” என்றார். அவர்மேற் சினங்கொள்ள என்னால் முடியவில்லை. அவரிடத்தில் ஒருவரும் முன்னர்ச் சொல்லியிருக்கவில்லை. நயினாதீவுக் கல்லுக்கும் ஒரு திருப்பணியில் அக்கதி நேர்ந்திருக்குமாயின், ஊராத்துறை அயலானைக் காத்த துறை என்று சொல்ல இன்று நமக்குச் சான்றேது?

ஆதலின், இக்கோயிலிலும் தீவகத்துப் பிற கோயில்களிலும் எஞ்சியுள்ள வேலைகள் தொடங்குமுன், பழைய படிக்கல், தீபக்கல், கிணற்றுக் கட்டுக்கல், தீர்த்தக்கேணிப் படி, மதிலடிக் கல் ஆகியவற்றைத் தண்ணீரும் தும்புத் துடைப்பமும் கொண்டு கழுவிப் பார்க்குமாறு வேண்டுகின்றேன். கம்பித் தூரிகையாற் சுரண்டல் ஆகாது. சுண்ணம், எண்ணெய்ச்சாயம் பூசலும் ஆகாது. எழுத்துப் போன்ற கீறல் தோன்றுமாயின், வெயில் சாய்ந்து விழும் காலை வேளையிலோ மாலை வேளையிலோ பிள்ளைகளைக்கொண்டு கைப்பேசியிற் படமெடுத்து வைத்து, கல்லை அசைக்காது நிறுத்தி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து வரலாற்றுத் துறையினருக்குச் சொல்லியனுப்புக. அவர்கள் வந்து மைப்படி எடுக்கும்வரையிற் சில நாள் வேலை தாமதிக்கலாம். அந்நாட்களுக்குரிய ஆட்கூலியையும் திருப்பணிக் கணக்கிலேயே எழுதிக்கொள்க.